ஒழுக்கம் கெட்ட நாயகர்கள்: ஆய்வேட்டுக்கு உதவி தேவை

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு நவீன நாவல்களில் வரும் ஒழுக்கம் கெட்ட நாயகர்களை எடுத்திருக்கிறேன். (வீட்டில் தலைப்பை இன்னும் சொல்லவில்லை.) ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. அடித்தட்டில் வாழும் ரவுடி கந்தனின் ஒரே ஒரு நாள்தான் கதை. ஆசிரியர் அவனைத் திட்டுவதுமில்லை, நியாயப்படுத்துவதுமில்லை. 1955இல் வந்த நபக்கோவின் ஆங்கில நாவல் ‘லோலிதா’ வேறு ரகம். அங்கே ஒரு சிறுமியைச் சீரழித்த குற்றவாளியே கதைசொல்லி, பேச்சாலேயே நம்மை மயக்கப் பார்க்கிறான்.

இந்த இரண்டையும் எந்த அளவுகோலில் வைத்துப் பேசுவது? வடசென்னை என்றாலே ரவுடி என்று கேட்டு வளர்ந்தவள் நான். வறுமையையும் சீரழிவையும் ஒன்றாக்கிவிடுவேனோ என்று பயம்.

அப்புறம், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் யாரிடமாவது பழைய விமர்சன நூல்கள் இருந்தால் இரவல் கொடுங்கள். அட்டை போட்டே திருப்பித் தருவேன்.