வெற்சூட்டுக்குத் தமிழ்: ஈரவுடையா, நுரையுடையா?

மடல் 1

எல்லாருக்கும் வணக்கம். கடல் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கான உபகரணக் கையேட்டில் நெடுமுப்போட்டி (ட்ரையத்லன்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) அத்தியாயம் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. சுவிம்ரனுக்கு ‘நீந்தோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். நீந்தி, கரையேறி ஓடி, திரும்பவும் கடலில் இறங்குவதுதான் போட்டி என்பதால் சொல் பொருந்துகிறது. சிக்கல் வெற்சூட்டில், அதாவது குளிர்நீரில் நீந்த உடலோடு இறுக்கமாகப் போடும் றப்பர் உடையில். ‘ஈரவுடை’ என்று எழுதியிருக்கிறேன், சரிதானா? பெடில்ஸ் (கையில் கட்டும் தட்டு), புல் போய் (தொடைக்கிடையில் பிடிக்கும் மிதவை) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2

தங்கச்சி, நீந்தோட்டம் நல்ல சொல். அப்படியே வையுங்கள். ஈரவுடையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

முதலாவது, அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. கீரிமலைக் கேணியில் முழுகி எழும்பினவரிடம் “ஈர உடுப்போட நிக்காதேங்கோ” என்றுதான் சொல்கிறோம். ஈரவுடை என்றால் நனைந்த உடுப்பு. எந்தத் தமிழருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அந்தப் பெயரை நம்பி ஒருவர் பிழையான உடையை வாங்கிவிடுவார். உடைக்குள் புகுந்த நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்று பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள். காப்பது நீர் அல்ல. நியோப்பிரீன் என்பது நுரைத்த செயற்கை றப்பர். அதற்குள் மூடிய சிறு கண்ணறைகளில் நைதரசன் அடைபட்டிருக்கிறது. வெப்பம் வெளியேறாமல் தடுப்பதும் உடலை மேலே தூக்குவதும் அந்த வாயுதான். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கண்டதும் இதைத்தான்: காப்பு நுரைக்குள் இருக்குமானால் தோல் உலர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீர் உள்ளே வருவதை இந்த உடை பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வந்த நீர் அசையாமல் நிற்க வேண்டும். உடை தளர்வாக இருந்தால் ஒவ்வொரு கைவீச்சுக்கும் பழைய நீர் வெளியேறிப் புதுக்குளிர் நீர் உள்ளே வரும். கழுத்தால் அள்ளும் நீர் இடுப்பில் தேங்கி இழுக்கும். ‘ஈரம்தானே வேலை செய்கிறது’ என்று நினைப்பவர் ஒரு அளவு பெரிதாக எடுப்பார். பெயர் அந்தப் பிழைக்கு வழிவிடக்கூடாது.

ஆகவே ‘நுரையுடை’ என்று முன்மொழிகிறேன். அடைமொழி சேர்த்தால் வகைகளும் தெளிவாகப் பிரியும்.

சுழியோட்ட நுரையுடை: நம் கரையோரத்தில் மலிவாகக் கைமாறுவது இதுதான். சுழியோடிக்கு ஆழத்தில் எளிதில் நசுங்காத அடர்ந்த நுரை வேண்டும், முருகைக்கல்லில் உரசினால் கிழியாத நைலோன் துணி வெளியே வேண்டும். இதைப் போட்டு 1500 மீற்றர் நீந்தினால் தோள் முதலில் களைத்துப்போகும். தோளில் தடிப்பு அதிகம், வெளித்துணி நீரையும் பிடிக்கும்.

நீச்சல் நுரையுடை: நெடுமுப்போட்டிக்கானது. வெளிப்புறம் வழுவழுப்பான றப்பர். மார்பிலும் தொடையிலும் 4 முதல் 5 மில்லிமீற்றர், தோளிலும் அக்குளிலும் 1.5 முதல் 2. ஐந்துக்கு மேல் விதி அனுமதிக்காது. சிப் (zip, இழுத்துப் பூட்டும் பல்வரிசை) முதுகில் இருக்கும். உடையைக் கெதியாகக் கழற்றிச் சைக்கிளில் ஏற வேண்டும் என்பதால், கணுக்காலுக்குச் சற்று மேலேயே வெட்டியிருப்பார்கள்.

நீந்தோட்ட நுரையுடை: இதைக் கழற்றுவதே இல்லை. போட்டவாறே ஓட வேண்டும், சப்பாத்தோடு நீந்த வேண்டும். அதனால் கால் முழங்காலோடு நிற்கும். சிப் முன்னால் இருக்கும், ஓடும்போது சூடேறினால் இடுப்பு வரை இறக்கிவிடலாம். விசிலும் உணவுப் பொதியும் வைக்கப் பை இருக்கும். தொடையிடுக்கில் தையல் தட்டையாக இல்லாவிட்டால் சில கிலோமீற்றருக்குள் தோல் உரிந்துவிடும். சுவீடனில் 2006 இல் தொடங்கிய ஓத்தில்லோ போட்டியின் பெயருக்கே ‘தீவிலிருந்து தீவுக்கு’ என்றுதான் பொருள். வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவுகளை எண்ணியே வளர்ந்த நமக்கு இந்த விளையாட்டை விளங்கப்படுத்துவது கடினம் அல்ல.

பெடில்ஸுக்கு ‘கைச்சவள்’ எழுதுங்கள். தோணி வலிக்கும் சவளை நம் பிள்ளைகள் அறிவார்கள். நீரைப் பின்தள்ள உள்ளங்கையில் கட்டும் தட்டுக்கு அது அப்படியே ஒட்டுகிறது. புல் போய் ‘தொடைமிதவை’. சப்பாத்து காலைக் கீழே இழுக்கும், தொடைக்கிடையில் பிடிக்கும் மிதவை அதைத் தூக்கும். சோடியாக ஓடுபவர்கள் இடுப்பில் கட்டும் கயிற்றுக்கு ‘இணைகயிறு’.

மடல் 3

அண்ணை, கைச்சவளுக்கு முழுச் சம்மதம். நுரையுடையில் இரண்டு தடை சொல்கிறேன்.

ஒன்று, நுரை என்றால் சவர்க்கார நுரைதான் நினைவுக்கு வரும். மற்றது, உள்ளே நீர் புகாத ட்ரைசூட்டிலும் (dry suit) நியோப்பிரீனால் செய்தவை உண்டு. நுரையை வைத்துப் பெயரிட்டால் அதுவும் நுரையுடைதானே? ‘குளிர்காப்புடை’ என்றால் என்ன?

இன்னொன்று. நம் கடல் மேற்பரப்பு வருடம் முழுக்க ஏறக்குறைய 25 முதல் 31 பாகை செல்சியசுக்குள் நிற்கிறது. உலக ட்ரையத்லன் அமைப்பின் விதிப்படி 1500 மீற்றர் வரையான நீச்சலில் 20 பாகையை எட்டினாலே மேல்நிலை வீரருக்கும், 22 பாகையில் வயதுப் பிரிவினருக்கும் இந்த உடைக்குத் தடை. அயன்மான் என்ற நெடுந்தூர நெடுமுப்போட்டியில் வயதுப் பிரிவினர் 24.5 பாகை வரை போடலாம். அதற்கு மேல் 28.8 வரை போட்டு நீந்தினால் பரிசுக்கு உரித்து இல்லை, அதையும் தாண்டினால் முற்றாகத் தடை. காரைநகரில் பழகும் பிள்ளைக்கு இந்த அத்தியாயம் எதற்கு?

மடல் 4

உங்கள் கடைசிக் கேள்விதான் கையேட்டுக்கு முக்கியமானது. காரைநகர்க் கடலில் நுரையுடையோடு கடுமையாக நீந்தினால் உடற்சூடு வெளியேற வழியின்றி மயக்கம் வரலாம். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். இங்கே பழகுவது வெறும் நீச்சலுடையில். நுரையுடை தேவைப்படுவது ஐரோப்பாவிலோ கனடாவிலோ போட்டிக்குப் போகிறவருக்கு. செப்ரெம்பரில் பால்ட்டிக் கடல் 15 பாகையை ஒட்டி நிற்கும். போட்டி நாளில் முதன்முறையாகப் போட்டால் மார்பு இறுகி மூச்சு முட்டுவதாகத் தோன்றும், பதற்றம் வரும். அதனால் இங்கே விடியப்புறத்தில் பத்து நிமிடம், ஆழமில்லாத இடத்தில், ஒருவர் துணைநிற்க, மெதுவாக நீந்திப் பார்த்தால் போதும்.

‘குளிர்காப்புடை’ என்றால் கம்பளிச் சட்டையும் அதற்குள் அடங்கும். மிதக்கவைக்கிறது என்ற பாதிச் செய்தி அதில் விடுபட்டும் போகிறது. ட்ரைசூட் பற்றிய தடை நியாயமானது. அதற்கு ‘உலருடை’ என்றே வைப்போம். நியோப்பிரீனில் செய்தால் ‘நுரை உலருடை’. தனியே நுரையுடை என்றால் நீர் புகுவது மட்டுமே. சவர்க்கார நுரை பற்றிக் கவலை வேண்டாம், ‘உடை’ என்று முடிகிற சொல்லை யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

நுரை என்ற சொல் பராமரிப்பையும் சொல்லித்தருகிறது. நுரை நகத்துக்குக் கிழியும். ஆகவே போடும்போது காலில் பொலித்தீன் பை மாட்டி நுழைத்து, விரல் நுனியால் அல்ல, விரலின் சதைப்பகுதியால் மடிப்பு மடிப்பாக மேலேற்ற வேண்டும். முதலில் தொடையிடுக்கு இறுக அமர வேண்டும். அங்கே இரண்டு விரல் இடைவெளி மிஞ்சினாலும் அந்தக் குறை தோளுக்கு ஏறிக் கையைத் தூக்கவிடாது. பிறகு கை, தோள், கடைசியில் சிப். கையை உயர்த்தும்போது கழுத்து இழுபடக்கூடாது, முதுகின் கீழ்வளைவில் வெற்றிடம் இருக்கக்கூடாது. நனைந்தால் சற்று இளகும், ஆதலால் கடையில் சுகமாக இருப்பது கடலில் தளர்வு. பெற்றோலியக் களிம்பு பூசவேண்டாம். தீவுப்பகுதிக் கிணறுகள் பல உவர் என்பதால் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் இடுப்போடு மடித்துக் காயவிட வேண்டும். தோளில் தொங்கவிட்டால் நனைந்த பாரம் தோளை இழுத்துவிடும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் றப்பர் இறுகி வெடிக்கும்.

மடல் 5

நன்றி அண்ணை, நுரையுடை என்றே பதிகிறேன். ஒன்று மிஞ்சுகிறது. வெற்சூட்டுக்குத் தடையான வெப்பமான நீரில் போடும் மெல்லிய துணியுடை, சுவிம்ஸ்கின். அதில் றப்பர் இல்லை, மிதப்பும் இல்லை, நீர் பிடிக்காத பூச்சு மட்டும்தான். எங்கள் கடலுக்குப் பொருந்துவது இதுதான். ‘வழுக்குடை’ என்று நினைத்தேன்.

மடல் 6

வழுக்குடை என்றால் கழன்று விழுவதுபோல் இருக்கிறது. சோறு ஒட்டாத சட்டியை ஒட்டாச்சட்டி என்கிறோமே, அதுபோல ‘நீரொட்டா உடை’. தாமரை இலையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பதிவில் நுரையுடைக்கு முன்னால் இதை வையுங்கள், இங்கே முதலில் வாங்க வேண்டியது இதுதான்.