துப்பாக்கி உரிமம்: காரணம் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டா?

செவ்வாழை:
அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் அளித்த புரூயன் தீர்ப்பை இன்றுதான் முழுதாகப் படித்து முடித்தேன். நியூயார்க்கில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுமானால் ‘தக்க காரணம்’ காட்ட வேண்டும் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சட்டம் இருந்தது. ‘எங்கள் பகுதியில் திருட்டு அதிகம்’ என்றால் போதாது. ஊராருக்கு இல்லாத ஆபத்து உங்களுக்கு மட்டும் இருக்க வேண்டும். இதை 6-3 என்று ரத்து செய்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு அந்த ஊர்ச் சுரங்க ரயிலில் நசுங்கிக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதை வரவேற்பார்களா?

பனங்காடு:
நான் வரவேற்கிறேன். மேடையில் பேசுவதற்கு முன் ‘உனக்குப் பேச என்ன அவசியம்?’ என்று அதிகாரி கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா? பேச்சுரிமையைப் போலவே ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் 1791 முதல், இரண்டாம் திருத்தமாக, அதே அரசியல் சாசனத்தில்தான் இருக்கிறது. ஹெல்லர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் காவலாளியாக இருந்தவர். பணியில் இருக்கும்போது இடுப்பில் துப்பாக்கி. வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டால் அனுமதி இல்லை. 2008-இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

செவ்வாழை:
அதே திருத்தத்தின் முதல் பாதியில் ‘நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை’, அதாவது குடிமக்களைக் கொண்ட படை, என்று இருக்கிறதே, அதை யார் விழுங்கினார்கள்? வாஷிங்டன் ஒரு மாநிலமும் அல்ல; அங்கே சொன்ன தீர்ப்பு மாநிலங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

மூன்றாம் வாய்தா:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். உரிமை குடிப்படைக்கு மட்டுமே என்ற வாதம் ஹெல்லர் வழக்கிலேயே 5-4 என்று தோற்றது. உரிமைப் பட்டியல், அதாவது சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்கள், முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது என்பது சரி. சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்த மெக்டொனால்ட் வழக்கில்தான், 2010-இல், 1868-இன் பதினான்காம் திருத்தத்தின் வழியாக மாநிலங்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். அதற்காக மாநிலங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை, பயிற்சி எல்லாவற்றையும் உரிமத்துக்குக் கேட்கலாம். பள்ளியிலும் அரசுக் கட்டடத்திலும் தடுக்கலாம். புரூயன் தீர்ப்பால் மாறியது, ஒரு கட்டுப்பாடு செல்லுமா என்று பார்க்கும் உரைகல்தான். முன்பெல்லாம் கீழ் நீதிமன்றங்கள் பொதுப் பாதுகாப்பையும் தராசில் வைத்தன. இப்போது, இதுபோன்ற கட்டுப்பாடு இந்த நாட்டு வரலாற்றில் இருந்தது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

செவ்வாழை:
அந்த உரைகல்லின் லட்சணத்தைத்தான் ரஹீமி வழக்கில் பார்த்தோமே. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளான டெக்சாஸ்காரர் அவர். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை, பழைய காலத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அதைத் திருத்தியது. அந்த ஒருவர் யார்? புரூயன் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்! எழுதியவருக்கு ஒரு விதமாகவும் மற்ற எட்டுப் பேருக்கு வேறு விதமாகவும் விளங்கும் விதியை வைத்துக்கொண்டு ஒரு சட்டமன்றம் எப்படிச் சட்டம் இயற்றும்?

பனங்காடு:
திருத்திவிட்டார்கள் அல்லவா? அப்படியே இரட்டைப் பிறவியாக ஒரு பழைய சட்டம் தேவையில்லை, அடிப்படை ஒத்துப்போனால் போதும் என்றும் தெளிவாக்கிவிட்டார்கள். நியூயார்க்கும் சும்மா இருக்கவில்லை. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பூங்கா, திரையரங்கு, டைம்ஸ் சதுக்கம் என்று நீண்ட தடைப் பட்டியலோடு புதுச் சட்டம் போட்டது. உங்கள் சுரங்க ரயிலும் அதில் இருக்கிறது.

செவ்வாழை:
சுரங்க ரயிலுக்கு எந்தப் பழைய சட்டத்தை ஒப்புக் காட்டுவது?

பனங்காடு:
சந்தையிலும் திருவிழாவிலும் ஆயுதத்தோடு திரியக் கூடாது என்று 1328-லேயே இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் சட்டம் இருந்தது. கூட்டம் கூட்டம்தானே?

செவ்வாழை:
நல்ல ஆளைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அந்தச் சட்டம் மிகப் பழையது என்று புரூயன் தீர்ப்பிலேயே தாமஸ் ஒதுக்கிவிட்டார். 1328 பழையது, நியூயார்க்கின் துப்பாக்கி உரிமச் சட்டம் வந்த 1911 புதியது. எந்த ஆண்டு சரியான ஆண்டு என்று சொல்லுங்கள், போய்த் தேடுகிறேன்.

பனங்காடு:
1791. அல்லது 1868. இரண்டில் எது என்பதை புரூயன் தீர்ப்பும் ரஹீமி தீர்ப்பும் முடிவு செய்யாமலே விட்டுவிட்டன. இந்த ஒன்றில் உங்களுக்கு என்னிடம் பதில் இல்லை.