கலைச்சொல்: ‘கன்ஸ்ட்ரக்டிவ் டயலாக்’ – ‘கேட்டுரையாடல்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதி, மதம், கட்சி என்று எதிரெதிராக நிற்பவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசப் பழகுவதற்கான பயிற்சிக் கையேடு ஒன்றைக் கடலூர் முதுநகரில் இருந்தபடி தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘கன்ஸ்ட்ரக்டிவ் டயலாக்’ (constructive dialogue) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. சொல் பிடிபடாமல் இரண்டு வாரமாக முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறேன்.

> ‘ஆக்கபூர்வமான உரையாடல்’ என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

என்ன புரியும் என்பதுதான் என் கேள்வி. ‘பேச்சுவார்த்தை ஆக்கபூர்வமாக இருந்தது’ என்று செய்தியில் படித்தால் உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை, அவ்வளவு தேய்ந்துபோன சொல் அது. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு ‘ஆக்கம்’ என்று சொன்னால் எப்படி வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்று ஒரு துப்பும் கிடைக்காது.

> ‘நல்லிணக்க உரையாடல்’ அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் இணக்கம் என்று முன்பே எழுதிவிட்டால் முடிவை எழுதி வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். விழுப்புரத்திலிருந்து எழுதிய தங்கை கேட்டிருந்தார்: ஊர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, காலனிக்காரர் ஓரமாக நிற்க, ‘இணங்கிப் போங்கப்பா’ என்று சொல்வதற்கா இந்தச் சொல்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தச் சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். கையேட்டின் முதல் பாடமே இருக்கைதான்: எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, வட்டமாக, இல்லையென்றால் எல்லோரும் பாயில். பேச்சு அதற்குப் பிறகுதான்.

‘அமைதிப் பேச்சுவார்த்தை’ வேண்டாம். கோட்டாட்சியர் அலுவலகம், வெளியே போலீஸ் வண்டி, கடைசியில் ஒரு கையெழுத்து, இதுதான் நம் மக்கள் மனதில் வரும். ‘சமரசம்’ ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும், அது வேறு வேலை.

‘பட்டிமண்டபம்’ என்ற பழைய சொல்லை மீட்கலாம் என்ற கருத்து எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. மணிமேகலையில் விழா அறிவிக்கும்போது, வாதிடுவோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று சொன்ன கையோடு, பகைவரோடு கூட ‘செற்றமும் கலாமும் செய்யாது’ (சினமும் சண்டையும் இல்லாமல்) விலகிப் போங்கள் என்றும் முரசறைவோன் சொல்கிறான். எத்தனை நூற்றாண்டுக்கு முன்பே நமக்கு அந்தப் பக்குவம் தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் இரண்டு அணி, ஒரு நடுவர், ஒரு தீர்ப்பு, கைதட்டல்தான் கண்முன் வரும். அதை இனி மாற்ற முடியாது.

சரி, எனக்குச் சொல் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கடற்கரையில் சுருக்குமடி வலைச் சண்டை தெரிந்ததுதான். மீன் கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மொத்தமாக வாரும் பெரிய வலை அது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அந்த வலைக்கு இடைக்கால அனுமதி கொடுத்தது. பெரிய வலைக்காரருக்கு அது போதவில்லை, சின்ன வலைக்காரருக்கு அதுவே அதிகம். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், படகெல்லாம் கரையேறிக் கிடந்தபோது, வலை பின்னும் கொட்டகையில் இரண்டு பக்கத்திலிருந்தும் சிலர் பேச உட்கார்ந்தார்கள். நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். ஒரே ஒரு விதிதான்: பதில் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதை நீ திருப்பிச் சொல்லவேண்டும், அவர் ‘ஆமாம்’ என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உன் பேச்சு. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1951இலேயே முன்வைத்த முறை இது.

சுருக்குமடிக்காரத் தம்பி முதலில், ‘எங்களப் புடிக்கலன்னு சொல்றாரு’ என்றான். எதிரே இருந்த சின்ன வலைக்காரப் பெரியவர், ‘நான் எங்க அப்படிச் சொன்னேன்?’ என்றார். இரண்டாம் முறை, ‘குஞ்சு மீனையும் நாங்க வாரிடறோம், அதனால அவங்களுக்கு மிஞ்சலன்னு சொல்றாரு.’ பெரியவர் தலையை ஆட்டினார், பாதிதான் என்று. கையில் இருந்த வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பையன் கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், ‘இந்தத் தொழிலே தன் பேரனுக்கு இருக்காதோன்னு பயப்படறாரு’ என்றான். பெரியவர் ‘ஆமாம்’ என்றார். அதற்குப் பிறகு, தம்பி சொன்னதைத் திருப்பிச் சொல்வது பெரியவர் முறை. ஒரு வலைக்குப் பின்னால் முப்பது நாற்பது வீடு கடனில் நிற்கிறது, நிறுத்து என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது என்பதை அவர் வாயாலேயே சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அன்று யாரும் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த வாரமும் இரண்டு பக்கமும் வந்தார்கள். எழுந்து போகும்போது ஓர் அம்மா சொன்னார்: ‘இத்தன வருசமா பேசுனோம், இன்னிக்குதான் கேட்டுப் பேசுனோம்.’

கேட்டுப் பேசுவது. அங்கேயே எழுதிக்கொண்டேன்.

‘கலந்து’ + ‘உரையாடல்’ எப்படிக் கலந்துரையாடல் ஆனதோ அப்படியே ‘கேட்டு’ + ‘உரையாடல்’, கேட்டுரையாடல். ‘கேள்’ என்ற வேரில் காதால் கேட்பதும் இருக்கிறது, வினா கேட்பதும் இருக்கிறது, கேளிர், கேண்மை என்று உறவும் இருக்கிறது. குறளில் வரும் ‘கேளாரும்’ என்பதற்குப் பரிமேலழகர் பகையாய் நிற்பவரையும் சேர்த்தே பொருள் கொள்கிறார். நமக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வேரிலேயே இருக்கிறது. வினையாகவும் ஓடும்: கேட்டுரையாடினார்கள், கேட்டுரையாடப் பழகுவோம்.

‘கேளாடல்’ என்று சுருக்கலாமே என்று சிதம்பரம் ஐயா தனிமடலில் கேட்டார். ஐயா, அதைப் பிரித்தால் ‘கேளா ஆடல்’ என்றும் வருகிறது, கேட்காமல் ஆடுவது! நேர் எதிர்ப் பொருள். என் சொல்லிலும் ஒரு முள் இருக்கிறது, ‘கேடு’ வேற்றுமை ஏற்றால் அதுவும் ‘கேட்டு’ தான். ஆனால் உரையாடலுக்கு முன்னால் அதைப் பார்க்கிறவர் கலந்துரையாடல் பழக்கத்தில் சரியாகவே படிப்பார் என்று நம்புகிறேன். இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதிக் காட்டினேன், இருவருமே தடுமாறவில்லை.

இன்னும் ஒன்று. ‘ஃபிஷ்பவுல்’ (fishbowl) என்ற பயிற்சிக்கும் ஒரு பெயர் வேண்டும். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சவுத் லெபனான் என்ற ஊரில் டிரம்ப் ஆதரவாளர் 10 பேரும் ஹிலாரி ஆதரவாளர் 11 பேரும் கூடிப் பேசினார்கள். அங்கிருந்து வளர்ந்த பிரேவர் ஏஞ்சல்ஸ் அமைப்பின் பயிலரங்குகளில் இந்தப் பயிற்சி நடக்கிறது: ஒரு தரப்பு உள்ளே வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசும், மறு தரப்பு சுற்றி உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்கும், பிறகு இடம் மாறும். ‘மீன்தொட்டி’ என்று மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, தொட்டி மீனை வேடிக்கைதான் பார்ப்போம். ‘உள்வட்டம், வெளிவட்டம்’ போதும்.

கூட்டத்தை நடத்துகிறவருக்குத்தான் இன்னும் சொல் இல்லை. ‘நெறியாளர்’ தொலைக்காட்சிக்குப் போய்விட்டது, ‘நடுவர்’ தீர்ப்பு சொல்கிறவர். அன்று கொட்டகையில் நடத்தியவர் மொத்தம் பத்து வாக்கியம் கூடப் பேசியிருக்க மாட்டார், ‘அவரு சொன்னத முதல்ல சொல்லு’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வேலைக்குப் பொருந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இரண்டாம் அத்தியாயம் அவரைப் பற்றித்தான்.

அன்புடன்,
முதுநகரிலிருந்து