மறுமொழி: "உள்ளுறை உமிழ்வு"க்குப் பதில் "அடக்க உமிழ்வு"

குழுவினருக்கு வணக்கம்.

வணிகம், சுற்றுச்சூழல் பற்றிய கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் அளவு விளைவு (உற்பத்தி பெருகுவதால் கூடும் மாசு), கட்டமைவு விளைவு (எந்தத் தொழில்கள் வளர்கின்றன என்பதைப் பொறுத்து மாறும் மாசு), நுட்ப விளைவு (தூய்மையான செய்முறையால் குறையும் மாசு) மூன்றும் நேற்றோடு முடிந்தன என்றே கொள்கிறேன். வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கிராஸ்மனும் குரூகரும் 1991இல் பிரித்துக் காட்டியவை. இந்தியா 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாகச் சொன்னதுகூட (2005ஐ ஒப்பிட்டு) உமிழ்வுச் செறிவைத்தான் (உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு உமிழ்வு என்பதை), மொத்தத்தை அல்ல. நுட்பம் மிச்சம் பிடிப்பதை அளவு தின்றுவிடலாம் என்று இப்போது தமிழிலேயே சொல்ல முடிகிறது.

இழுபறி நாலாவது சொல்லில்தான். ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்குள் வெளியேறிவிட்ட கார்பனுக்கு (embodied emissions) என்ன பெயர்? குழுவில் ஒருவர் சொன்னது:

> உள்ளுறை உமிழ்வு என்றே வைக்கலாம். உள்ளுறை வெப்பம் ஏற்கெனவே வழக்கில் உண்டு. தொல்காப்பியத்தில் உள்ளுறை உவமமும் உண்டு.

அழகான சொல்தான் ஐயா. ஆனால் உள்ளுறை வெப்பம் நீராவிக்குள்ளேயே இருக்கிறது, குளிர்ந்தால் திரும்பி வரும். ஒரு போல்ட்டுக்கான எஃகைச் செய்தபோது எழுந்த புகையோ, இரும்புத் தாதை உருக்கும் ஊதுலையோடு போயே போய்விட்டது.

நான் ஒரு போல்ட் நட்டுப் பட்டறைக்கு ஏற்றுமதித் தாள்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறவன். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக்குப் போடும் எல்லைக் கார்பன் வரிக்காக 2023 அக்டோபரிலிருந்து கணக்குக் கேட்கிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து அங்கே போகும் சரக்குக்கு இறக்குமதியாளர் காசும் கட்ட வேண்டும். "உள்ளுறை கார்பன் எவ்வளவு?" என்று எழுதி அனுப்பினேன். சூப்பர்வைசர் எஃகு ஆலை தரும் மில் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "0.35 சதவீதம்ண்ணே" என்றார். எஃகில் கலந்திருக்கும் கார்பன்! அவரைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாள், போல்ட் செய்ய வாங்கும் எஃகுக் கம்பியைச் சுட்டி, "வயர் ராடோட அடக்கத்துல எவ்வளவு புகை?" என்று கேட்டேன். "அடக்க விலை மாதிரியா?" என்றார். அதேதான். கொள்முதல், வண்டிக்கூலி எல்லாம் விலையில் ஏறுவதுபோல, எங்கோ எரித்த நிலக்கரி இந்தப் போல்ட்டின் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் அடக்க உமிழ்வு என்கிறேன். ஊதுலை வழியென்றால் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின்உலையில் உருக்கியதென்றால் வெகு குறைவு.

"நாம காத்தாடி கரண்டுலதானே ஓட்டுறோம்?" என்று முதலாளி கேட்டார். சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் மின்சாரப் புகையைச் சேர்க்கிறார்கள், இரும்புக்கு வரிக்கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் காத்தாடி கரண்டால் வரி குறையாது என்றேன். அதன்பிறகு அவர் காப்பியைத் தொடவில்லை.

> அடக்க உமிழ்வு என்றால் "அடக்கிவிட்ட உமிழ்வு" என்று நேர் எதிராகப் படிப்பார்களே? போதாததற்கு நல்லடக்கம் வேறு நினைவுக்கு வருகிறது. உமிழ்வடக்கம் என்று மாற்றினால்?

மாற்றினால்தான் மோசம். புலனடக்கம், நாவடக்கம் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். பொருளடக்க உமிழ்வு என்றால் புத்தகத்தின் முதல் பக்கம். அடக்க விலையைப் பார்த்து யாரும் விலையை அடக்கிவிட்டார்கள் என்று நினைப்பதில்லையே. அந்த அச்சிலேயே இதுவும் நிற்கும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "இந்தியா ஏற்றுமதி செய்யும் அடக்க உமிழ்வு, இறக்குமதி செய்வதைவிட அதிகம்." நாக்கு தடுக்கவில்லை. பட்டறைத் தாளில் இதையே போட்டுவிட்டேன். பட்டியலில் உள்ளுறை உமிழ்வு, அடக்க உமிழ்வு இரண்டையும் சேர்த்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

அடுத்து "கார்பன் கசிவு". உமிழ்வுக்குக் கெடுபிடி உள்ள நாட்டிலிருந்து, கெடுபிடி இல்லாத நாட்டுக்கு ஆலை நகர்வதைச் சொல்லத்தான் அந்தச் சொல். எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன், எந்த வால்வுண்ணே என்கிறார்.