கேக்குக்கு எந்த எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?

வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதால் வெண்ணெயைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கேக், குக்கீஸ் இல்லாமல் அவருக்கு மாலை டீ இறங்காது. வனஸ்பதி போன்றவற்றில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் விதி இருந்தாலும், அந்தப் பக்கம் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

தேங்காய் எண்ணெய் வாசனைக்கு அருமைதான். ஆனால் அதில் ஏறக்குறைய 90 சதவீதம் கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். போதாக்குறைக்கு மார்கழிக் குளிரில் இங்கே பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். உருக்கி ஊற்றினாலும், ஃப்ரிட்ஜ் முட்டை பட்டதும் மாவில் கட்டி கட்டியாகத் திரள்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய செக்குக் கடலை எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெனிலா கேக்கில் கடலை வாசம் தூக்குகிறது! (ஆரஞ்சு கேக் என்றால் தோலைத் துருவிப் போட்டுச் சமாளிக்கலாம்.)

வெண்ணெயில் தண்ணீரும் இருப்பதால், 100 கிராமுக்குப் பதில் 80 கிராம் எண்ணெய், மீதிக்குப் பால் என்று போடுகிறேன். கேக்குக்கு அது சரி. குக்கீஸ்தான் பரந்து தட்டையாகிவிடுகிறது. அதற்கு என்ன செய்கிறீர்கள்? சூரியகாந்தி எண்ணெய் சரிவருமா, தவிட்டு எண்ணெயா? அப்புறம், சேலத்தில் வாசம் லேசாக இருக்கும் செக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.