சாந்தி விசேஷத்துக்கு ஃபாண்டன்ட் கேக், ஆத்தங்குடி கல்லு டிசைன்: எதை வாங்குறது, வெயில்ல எப்படி நிக்க வைக்கிறது?

கழனிவாசல் பேக்கர்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில வீட்டுல இருந்தே ஆர்டர் எடுத்து கேக் செய்றேன், இதுவரைக்கும் எல்லாமே விப் கிரீம் கேக்தான், ஃபாண்டன்ட்ல (மாவு மாதிரி பிசைஞ்சு தேய்க்கிற சீனிக் கலவை) சின்னச் சின்ன பூ, பொம்மை, நம்பர் மட்டும் செஞ்சு மேல வைப்பேன், முழு கேக்கையும் மூடுனது கிடையாது. இப்ப கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி, வீட்டுக்காரருக்கு வைகாசி கடைசியில சாந்தி, அதான் அறுபதாம் கல்யாணம் மாதிரி வயசு விசேஷம், வச்சிருக்காங்க, பேரப்பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருந்து வர்றாங்களாம், அவங்கதான் போன்ல படம் அனுப்பி ரெண்டு அடுக்கு கேக், கீழ் அடுக்கு சுத்தி ஆத்தங்குடி கல்லு (தரையில பதிக்கிற பூ டைல்ஸ்) டிசைன், மேல் அடுக்கு கண்டாங்கி சேலைக் கட்டம்னு கேட்டிருக்காங்க. கீழ 10 இன்ச், மேல 6 இன்ச் போடலாம்னு இருக்கேன்.

சிக்கல் என்னன்னா கேக்க வளவுலதான், அதான் வீட்டு நடு முற்றத்துலதான் வைப்பாங்க, ஏசி கிடையாது, மேல பாதி திறந்த வெளி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெட்டுறது. விசேஷ வீடுங்கிறதால முட்டை கூடாது, சைவமா இருக்கணும்னு ஆச்சி கண்டிப்பா சொல்லிட்டாங்க.

கடையில ஃபாண்டன்ட் பாக்கெட் நாலஞ்சு பிராண்ட் இருக்கு, விலை எக்கச்சக்க வித்தியாசம், எது நல்லது? வீட்டுலயே மார்ஷ்மெல்லோ வச்சு செஞ்சா செலவு கம்மின்னு வீடியோல காட்டுறாங்க, அது சரிவருமா? விப் கிரீம் மேலயே ஃபாண்டன்ட் போடலாமா? அப்புறம் டப்பா ஒன்னு மேல போட்டுப் பழகிப் பாக்குறப்போ மேல் விளிம்புல சுருக்கம் சுருக்கமா வெடிக்குது, அது ஏன்னு தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓவன் ஆச்சி:

முதல்ல மார்ஷ்மெல்லோவ மறந்துருங்க தாயி. கடையில கிடைக்கிற மார்ஷ்மெல்லோ பெரும்பாலும் ஜெலட்டின்ல செஞ்சது, ஜெலட்டின்ங்கிறது மாட்டோட, பன்னியோட, மீனோட தோல் எலும்புல இருந்து எடுக்கிறது. நம்ம பக்கம் மத்த நாள்ல கறி கோழி எல்லாம் ஓடும், ஆனா சாந்தி அன்னைக்கு அந்த வீட்டுல இது தெரிஞ்சா உங்க பேரு போயிரும். பாக்கெட் ஃபாண்டன்ட்லயும் சிலதுல ஜெலட்டின் இருக்கு. பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க, அதோட விடாம பின்னாடி திருப்பி சேர்மானத்தப் படிங்க, ஜெலட்டின்னு பேரோ 428, 441னு நம்பரோ இருந்தா வேணாம், 413, 466 எல்லாம் பிசின் வகை, பயமில்ல. வெளிநாட்டு பாக்கெட்டா இருந்தா மேல ஒட்டியிருக்கிற இந்திய ஸ்டிக்கரையும் பாத்துக்கங்க.

எந்த பிராண்ட்னு கேட்டா, நம்ம ஊர் பேக்கிங் கடைங்கள்ல துருக்கியில இருந்து வர்ற விசியான் சுலபமா கிடைக்கும், நிறைய பேர் அதுலதான் வேலை செய்றாங்க. ஆனா நான் பிராண்ட விட பாக்கெட்டத் தொட்டுத்தான் பாப்பேன். அழுத்துனா விரல் பதியணும், மூலையில கல்லு மாதிரி கெட்டியா இருந்தா காத்துப் பட்டுருச்சுன்னு அர்த்தம், அத எவ்வளவு பிசைஞ்சாலும் உள்ள குருணை குருணையா நிக்கும். தேதியும் பாருங்க. விலை கம்மியா இருக்குன்னு மூடுறதுக்கு வாங்காதீங்க, விலை கம்மியானதுல பூவும் பொம்மையும் செய்ங்க, அதுக்குப் போதும். மூடுறதுக்கு இழுத்தா கிழியாம நீளுறது வேணும்.

அளவு: 10 இன்ச் கேக், உயரம் 4 இன்ச்னா தேய்ச்ச விரிப்பு 18 இன்ச்சுக்கு மேல வேணும், 3, 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கிலோ பிடிக்கும். மேல் அடுக்குக்கு 600 கிராம். டிசைனுக்குத் தனி. வெள்ளை ரெண்டு கிலோ, கலர்ல கால் கால் கிலோ பாக்கெட்டா வாங்கிக்கங்க. செங்கல் சிவப்பும் கருப்பும் ரெடிமேட் கலர்லயே வாங்குங்க, வெள்ளையில ஜெல் கலர் ஊத்தி அந்த அடர்த்தி வர்றதுக்குள்ள அது கையில ஒட்டுற பசையா ஆயிரும், கசக்கவும் செய்யும்.

விப் கிரீம் மேல ஃபாண்டன்ட் போடாதீங்க. ஃபாண்டன்ட் மொத்தமும் சீனி, ஈரத்தக் குடிக்கும், கிரீம்ல இருக்கிற தண்ணிய இழுத்து அடியில இருந்தே இளகி வழிஞ்சு இறங்கும். சாக்லேட்டும் கிரீமும் கலந்து செய்ற கனாஷ் போடுங்க, வேற வழியே தேடாதீங்க.

மாவும் சீனியும்:

ஆச்சி சொன்னதுதான், கனாஷ் கணக்கு மட்டும் நான் சொல்றேன் அக்கா. சாதாரணமா டார்க் சாக்லேட் ரெண்டு பங்குக்கு கிரீம் ஒரு பங்கு, வொய்ட்னா மூணுக்கு ஒன்னு. நம்ம ஊர் வைகாசி வெயிலுக்கு அது பத்தாது, டார்க் ரெண்டரைக்கு ஒன்னு, வொய்ட் நாலுக்கு ஒன்னு போட்டுக்கங்க. காம்பவுண்ட் சாக்லேட்டா இருந்தா இன்னும் நல்லது, ருசி கொஞ்சம் கம்மிதான் ஒத்துக்கிறேன், ஆனா அதுல கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா தாவரக் கொழுப்பு இருக்கிறதால வெளிய வச்சா நல்லா நிக்கும். அமுல் ஃப்ரெஷ் கிரீம்ல கொழுப்பு 25 சதவீதம்தான், அதனால கிரீம தாராளமா ஊத்துனா இளகலா போயிரும்.

முதல் நாள் ராத்திரியே கேக்க அடுக்கி கனாஷ் பூசி, விளிம்ப ஸ்கிராப்பர்ல நல்லா கத்தி மாதிரி எடுத்து விட்டு, ஏசி ரூம்ல வச்சிருங்க. காலையில தட்டுனா டக்குனு சத்தம் வரணும். அந்த அளவு கெட்டியா இருந்தாத்தான் மேல ஃபாண்டன்ட் போட்டு ஸ்மூதரால (தடவிச் சமப்படுத்துற தட்டைக் கருவி) தேய்க்கிறப்போ உள்ள அமுங்காது. ஃபாண்டன்ட் ஒட்டுறதுக்கு கனாஷ் மேல சீனித்தண்ணிய பிரஷ்ல லேசா தொட்டு விட்டாப் போதும், ஈரம் தெரியக்கூடாது.

கேக்கும் முக்கியம். தயிர் ஊத்தி செய்ற பஞ்சு மாதிரி ஸ்பாஞ்ச் இந்த வெயிட்ட தாங்காது. கண்டென்ஸ்டு மில்க் போட்ட முட்டையில்லாத பட்டர் கேக் செய்ங்க, ஒரு ராத்திரி ஆற விட்டு வெட்டுனா உதிராது. நடுவுல ஃப்ரெஷ் பழம், கஸ்டர்ட் எதுவும் வேணாம், ஃபாண்டன்ட் கேக் வெளியில நிக்கப்போகுது, கெட்டுப்போற எதையும் உள்ள வைக்காதீங்க. கீழ் அடுக்குக்குள்ள குச்சி இறக்கி நடுவுல அட்டை வச்சு அதுமேல 6 இன்ச்ச வைங்க.

கழனிவாசல் பேக்கர்:

ரொம்ப நன்றி ஆச்சி, நன்றிடா தம்பி. கனாஷ் புரிஞ்சுது. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா வேணாமா? ஒரு வீடியோல வைன்னு சொல்றாங்க, இன்னொன்னுல வச்சா போச்சுன்னு சொல்றாங்க. அந்த விளிம்பு வெடிக்கிறதுக்கும் சொல்லுங்களேன்.

ஓவன் ஆச்சி:

வெடிக்கிறதுக்குக் காரணம் அநேகமா உங்க தலைக்கு மேல சுத்துற ஃபேன். நெஜமாத்தான் சொல்றேன். நம்ம ஆளுங்க சமையக்கட்டுல ஃபேன் போட்டுக்கிட்டே தேய்க்கிறது, அஞ்சு நிமிஷத்துல மேல்தோல் காஞ்சு போயிரும், அதத் தூக்கி கேக் விளிம்புல மடக்குனா யானைத்தோல் மாதிரி சுருங்கி விரியும். ஃபேன நிறுத்துங்க, வேர்த்தா வேர்க்கட்டும், இல்லன்னா ஏசி போட்டுக்கங்க. தேய்க்கிற நேரம் தவிர மத்த நேரம் ஃபாண்டன்ட் கிளிங் ஃபிலிம்லதான் இருக்கணும். அப்புறம் மாவு தூவுறது. கீழ ஒட்டாம இருக்க கார்ன்ஃப்ளார் மெல்லிசா தூவுங்க, அள்ளிப் போட்டா அதுவே காய வச்சிரும். ஐசிங் சுகர் தூவுனா ஈரக் காத்துல பிசுபிசுன்னு ஆயிரும், எனக்கு அது பிடிக்காது. கை சூடா இருந்தா பச்சத்தண்ணியில கழுவித் துடைச்சுட்டு, உள்ளங்கையில டால்டா பொட்டு அளவு தடவிப் பிசைங்க. அதுக்கப்புறமும் விளிம்புல லேசா கீறல் தெரிஞ்சா அதே டால்டாவ விரல் நுனியில தொட்டு வட்டமா தேய்ச்சா மூடிக்கும்.

பூரிக்கட்டை இதுக்குப் பத்தாது, நீளமான உருளை வேணும், இல்லன்னா நடுவுல கோடு கோடா விழும். விரிப்ப கேக் மேல போட்டதும் முதல்ல மேல்பக்கத்த ஸ்மூதரால தடவி காத்த வெளியேத்துங்க, அடுத்து மேல் விளிம்ப உள்ளங்கையால பிடிச்சு நிறுத்துங்க, அப்புறம்தான் பக்கவாட்டு. கீழ மடிப்பு மடிப்பா நிக்கும், சேலைக் கொசுவத்த உதறி விடுற மாதிரி ஒவ்வொரு மடிப்பா வெளிப்பக்கம் விரிச்சு விட்டுட்டு உள்ளங்கையால மேல இருந்து கீழ தடவுங்க. மடிப்ப அப்படியே அமுக்குனீங்கன்னா கோடு நின்னு போயிரும், எதுவும் செய்ய முடியாது. காத்துக் குமிழ் வந்தா மெல்லிசு ஊசியால சாய்வா குத்தி தடவிருங்க.

ஃப்ரிட்ஜ்: மூடின பிறகு வைக்காதீங்க. உள்ள நாலஞ்சு டிகிரி, வெளிய நம்ம ஊர் காத்து, எடுத்த உடனே கேக் மேல முத்து முத்தா தண்ணி கோத்துக்கும், கலர் ஒன்னோட ஒன்னு ஓடும். கனாஷ் கேக் ஒரு நாள் ஏசி ரூம்ல தாராளமா இருக்கும். வேற வழியே இல்லாம ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு டேப் ஒட்டி வைங்க, எடுத்ததும் பெட்டியத் திறக்காம அப்படியே விடுங்க, தண்ணி பெட்டி மேல கோத்துக்கும். அப்படியும் வேர்த்துட்டா துணியால துடைக்கவே கூடாது, தள்ளி ஒரு டேபிள் ஃபேன் வச்சா தானா காஞ்சிரும்.

ஆத்தங்குடிக்காரன்:

கேக் எனக்குத் தெரியாது, வீட்டுக்காரம்மா செய்றத வேடிக்கை பாக்குறதோட சரி. ஆனா கல்லு எங்க ஊர் வேலை, அதனால ரெண்டு வார்த்தை. படத்தப் பாத்து மேல ஒவ்வொரு பூவா ஒட்டாதீங்க அக்கா, அது புடைச்சு நின்னா கல்லு மாதிரியே இருக்காது. எங்க பட்டறையில கண்ணாடி மேல அச்சுச் சட்டம் வச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சாந்த ஊத்தி, சட்டத்த எடுத்துட்டு மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்குவாங்க, சூளையில சுடுறது கிடையாது, தண்ணியில ஊறப்போட்டுக் காய வைக்கிறதுதான். அதனால கலர் எல்லாம் ஒரே மட்டத்துல இருக்கும், அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுக்கிறது. நீங்களும் அதே மாதிரி, வெள்ளை விரிப்புல பூ வடிவத்த வெட்டி எடுத்துட்டு அந்த ஓட்டையிலயே அதே கட்டரால வெட்டுன சிவப்பு, கடுகு மஞ்சள், பச்சைய பொருத்தி, உருளைய லேசா ஒரு தடவ மேல ஓட்டுனா சமமா ஆயிரும்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. சதுரம் சதுரமா வெட்டி கேக்க சுத்தி ஒட்டிக்கலாம். கல்லுக்கு நடுவுல இடைவெளி விட்டுறாதீங்க, நெருக்கி ஒட்டுங்க.

மாவும் சீனியும்:

அண்ணே சொன்னது சூப்பர். ஆனா அந்த சதுரத்த வெட்டின உடனே ஒட்டாதீங்க அக்கா, தூக்குறப்ப இழுபட்டுக் கோணலாயிரும், பத்து நிமிஷம் விட்டு லேசா விறைச்சதும் எடுங்க, ரொம்ப நேரம் விட்டா வளைவுல வெடிக்கும். கண்டாங்கி கட்டத்துக்கு கோடு வரையுறதுக்குப் பதிலா மெல்லிசு ரிப்பனா வெட்டி ஒட்டலாம், அரக்கும் மஞ்சளும் போதும். பெயிண்ட் பண்ணனும்னா பவுடர் கலர வோட்கால கரைக்கச் சொல்லுவாங்க, சாந்தி வீட்டுக்கு அது வேணவே வேணாம், தண்ணியில கரைச்சா ஃபாண்டன்ட் கரையும், அதனால பெயிண்டே வேணாம்னு விட்டுருங்க. கடைசியா மேல ஒட்டியிருக்கிற கார்ன்ஃப்ளார் வெள்ளை போக துணி ஸ்டீமர் ஆவிய தூரத்துல இருந்து ஒரு நொடி காட்டுங்க, கல்லு மாதிரி மினுங்கும், காயிற வரைக்கும் தொடாதீங்க.

புதுவயல் லட்டு:

எல்லாரும் இவ்வளவு சொல்றீங்க, எனக்கு ஒரே கேள்வி, இத யாராவது சாப்பிடுறாங்களா? நான் போற விசேஷம் எல்லாத்துலயும் ஃபாண்டன்ட உரிச்சு தட்டு ஓரத்துல வச்சிட்டுப் போறாங்க. அதுக்கு இவ்வளவு காசா?

ஓவன் ஆச்சி:

உரிக்கத்தான் செய்வாங்க. அரை இன்ச் கனத்துல போட்டா யார் திம்பா? 3 மில்லியா தேய்ச்சா அவ்வளவு திகட்டாது. காம்பவுண்ட் சாக்லேட்டும் லிக்விட் குளுக்கோஸும் கலந்து செய்ற மாடலிங் சாக்லேட்ட ஃபாண்டன்டோட பாதிக்குப் பாதி பிசைஞ்சு போட்டாலும் வாய்க்கு நல்லா இருக்கும், ஆனா வளவுல நிக்கிற கேக்குக்கு நான் அத சொல்ல மாட்டேன், சூட்டுல தளரும். இந்த ஆர்டர்ல காசு கொடுக்கிறது டிசைனுக்கு. விசேஷத்துக்கு வர்ற எல்லாருக்கும் இதையே வெட்டிக் கொடுக்கப் போறதில்ல, ரெண்டு அடுக்கு காட்சிக்கும் வீட்டாளுங்களுக்கும், பந்திக்கு அதே கேக்க ஃபாண்டன்ட் இல்லாம தட்டுல செஞ்சு உள்ள வச்சிருங்க, துண்டு போட்டுக் கொடுத்துக்கலாம். ஆச்சிகிட்ட இத முன்னாடியே பேசிருங்க, விலையும் ரெண்டுக்கும் தனித்தனியா சொல்லுங்க.

கழனிவாசல் பேக்கர்:

தட்டு கேக் யோசனை ரொம்ப நல்லா இருக்கு, இன்னைக்கே பேசிடுறேன். கொண்டுபோறது அடுக்கித்தான் கொண்டுபோகணுமா, அங்க போய் அடுக்கலாமா?

ஓவன் ஆச்சி:

அங்க போய் அடுக்குங்க. தனித்தனிப் பெட்டியில, கார்ல ஏசியப் போட்டு, முன்சீட்டுக்கு முன்னாடி கால் வைக்கிற தட்டையான இடத்துல வைங்க, சீட்டு சாய்வா இருக்கும், மடியில சூடு, ரெண்டும் வேணாம். மூணு மணிக்குக் கிளம்பினாப் போதும். வளவுல வெயில் எந்தப் பக்கம் இறங்குதுன்னு முதல் நாளே போய்ப் பாத்து, பட்டாலைப் பக்கம், அதான் கூரை இருக்கிற கூடத்துப் பக்கம், நிழல்ல மேசை போடச் சொல்லுங்க, வானம் கருத்திருந்தா உள் அறையிலயே வச்சிருந்து வெட்டுற நேரத்துக்கு வெளிய எடுத்துட்டு வாங்க. மேசைக்கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தச் சொல்லுங்க, பழைய வீடு, எறும்பு எங்கிருந்து வரும்னே தெரியாது, மேசை விரிப்பும் தரையத் தொடாம பாத்துக்கங்க.

கழனிவாசல் பேக்கர்:

எறும்ப நான் யோசிக்கவே இல்ல ஆச்சி 😄 கேக் முடிஞ்சதும் போட்டோ போடுறேன்.