பில்லி ஜோயலின் முதல் ஆல்பம்: 1971 தட்டா, 1983 திருத்தமா?

காட்பாடி_கட்டை:
அமெரிக்காவோட பியானோ பாடகர் பில்லி ஜோயலோட முதல் ஆல்பம் 'கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர்', அதை எந்தப் பதிப்புல கேக்கறதுன்னு யார் வந்து கேட்டாலும், "1983 பதிப்பு, அதுதான் திருத்தினது"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. திருத்தினது வேகத்தை மட்டுமா?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1971 நவம்பர்ல ஆல்பம் வந்தப்போ மாஸ்டரிங்ல (தட்டு அச்சடிக்க முன்னாடி கடைசி டேப் தயார் பண்ற வேலை) வேகம் தப்பிடுச்சு. மொத்தமும் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிப் போச்சு. 5 கட்டையில பாடினது 5½ கட்டையில வந்து விழுந்தா எப்படி இருக்கும்? 22 வயசு ஆளோட குரல், மீசை முளைக்காத பையன் குரலாயிடுச்சு. 1983-ல தயாரிப்பாளர் ஆர்ட்டி ரிப் வேகத்தைக் குறைச்சார், சரி. அதோட விட்டாரா? திரும்ப மிக்ஸ் பண்ணி, சில பாட்டுக்குப் புதுசா டிரம்ஸ், சிந்தசைசர் ஏத்தி, 'டுமாரோ இஸ் டுடே'ல இருந்த ஆர்கெஸ்ட்ராவைத் தூக்கி, 'யூ கேன் மேக் மீ ஃப்ரீ' கடைசியில வர்ற நீள வாசிப்புல கிட்டத்தட்ட 3 நிமிஷத்தை வெட்டிட்டார். பாடினவருக்கு இதுல பங்கே இல்ல. முடி வெட்டச் சொன்னா மீசையையும் வழிச்சு அனுப்பின கதை.

சத்துவாச்சாரி_சவுண்டு:
மீசை போனதே நல்லதுண்ணா. பியானோ வாசிச்சுப் பாடறவரோட ஆல்பத்துல முதல்ல கேக்க வேண்டியது பியானோ. வயலின் கூட்டம் வந்து உக்கார்றது குரலும் பியானோவோட நடு ஸ்தாயியும் இருக்கற அதே இடத்துலதான். ஆர்கெஸ்ட்ரா போனதும் இடது கை தெளிவா நிக்குது. இன்னொண்ணு, 1983 மிக்ஸ் வந்தது மல்டிடிராக் டேப்புல இருந்து, அதாவது குரலும் கருவிகளும் தனித்தனித் தடத்துல இருக்கற ஸ்டுடியோ டேப்புல இருந்து. உங்க 1971 தட்டு எத்தனை ஊசி பார்த்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

குடியாத்தம்_கேள்வி:
ரெண்டு பேருமே எதுக்கு மெனக்கெடறீங்க? 1971-ல காசு கொடுத்து வாங்கினவன் கேட்டது வேகமான தட்டைத்தான். அதுதான் ஆல்பம். 'எவ்ரிபடி லவ்ஸ் யூ நவ்' ஆரம்பத்துல பியானோ தடதடன்னு வர்றதைக் கேளுங்க, அந்த வேகத்துக்கு ஒரு திமிர் இருக்கு. குறைச்சா சப்புனு ஆயிடுது.

காட்பாடி_கட்டை:
அந்தத் திமிர் கையில இருக்கு, மோட்டார்ல இல்ல. 1981-ல வந்த 'சாங்ஸ் இன் தி அட்டிக்' நேரடிப் பதிவுல அதே பாட்டு இருக்கு, வேகத் தப்பு எதுவும் இல்லாம. திமிர் குறைஞ்சிருக்கான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

வேகம் ஏறினா சுருதி மட்டும் ஏறல. தொண்டையோட அதிர்வுக் குணமும் சேர்ந்து மேல போகுது, அதான் சின்னப் பையன் குரல். இழுத்துப் பாடற இடத்துல வர்ற நடுக்கம் படபடன்னு ஆகுது. பெடல் மிதிச்சு விட்ட பியானோ நாதம் சீக்கிரமே அடங்கிடுது. பாட்டே இல்லாம பியானோ மட்டும் வர்ற 'நாக்டர்ன்'ல கவனிங்க: வேகம் தப்புன்னு உடனே பிடிபடாது, ஆனா பியானோ தகரம் மாதிரி மெலிசாக் கேக்கும்.

ராணிப்பேட்டை_ரீல்:
தப்புக்குக் காரணம் கரண்டா இருக்குமோ? அமெரிக்காவுல 60 சைக்கிள், மத்த ஊர்ல 50. ஏதோ மெஷின் மாறிப் போய்…

சத்துவாச்சாரி_சவுண்டு:
இல்ல சார், கணக்கு உதைக்குது. 50-க்கும் 60-க்கும் வித்தியாசம் 20 சதவீதம், அதாவது மூணு அரைக்கட்டைக்கும் மேல. இங்க ஏறினது ஏறக்குறைய 5.9 சதவீதம்தான். டேப் வேகத்தை நொடிக்கு 7½ அங்குலத்துக்குப் பதிலா 15-ன்னு மாத்திப் போட்டிருந்தா ஒரு ஸ்தாயியே ஏறியிருக்கும். ஆக, ஸ்விட்ச் மாத்திப் போட்ட தப்பு இல்ல, மெஷின் ஓட்டமே பிசகியிருக்கு.

நீங்க சொன்ன கரண்டு விஷயம் வேற இடத்துல இடிக்கும். அமெரிக்காவுல இருந்து வந்த பழைய பெல்ட் பிளேயர்ல சிங்க்ரனஸ் மோட்டார்னா (கரண்டோட சைக்கிளுக்கு ஏத்தபடி ஓடறது), நம்ம ஊரு 50 சைக்கிள்ல நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்தாம 27.8தான் சுத்தும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை மாத்தாது. 50 சைக்கிளுக்கான புல்லி போட்டாத்தான் சரியாகும்.

ஆற்காடு_அமைதி:
சரி, 1971 தட்டை வீட்டுலயே வேகத்தை இறக்கிக் கேக்கணும்னா எப்படி? அதைச் சொல்லுங்க, சண்டை அப்பறம்.

காட்பாடி_கட்டை:
ரெண்டு வழி.

டெக்னிக்ஸ் 1200 ரெக்கார்ட் பிளேயர் மாதிரி ±8 சதவீதம் வரைக்கும் வேகத்தை மாத்தற பிட்ச் ஸ்லைடர் இருந்தா −5.6-ல வைங்க (5.9 சதவீதம் ஏறினதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர 5.6 குறைச்சாப் போதும்). சுத்தற தட்டோட ஓரத்துல வேகம் காட்டற புள்ளி வரிசையை நம்பாதீங்க. அதுல +6, +3.3, 0, −3.3 மட்டும்தான், −5.6-க்கு வரிசை கிடையாது. லேபிள் மேல சின்னக் காகிதத் துண்டு ஒட்டி 50 சுத்து எண்ணுங்க. சரியான ஓட்டத்துல 90 நொடி. நமக்கு வேண்டியது 95.4 நொடி, அதாவது நிமிஷத்துக்கு 31.46 சுத்து. ஊசியைத் தட்டுல வெச்சுக்கிட்டே எண்ணுங்க.

ஸ்லைடர் இல்லாதவங்க 33⅓-லயே கம்ப்யூட்டர்ல பதிஞ்சுட்டு, ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் மென்பொருள்ல வேகமும் சுருதியும் சேர்ந்து மாறற வசதியில −5.613 சதவீதம் கொடுங்க. நிறையப் பேர் தப்பு பண்றது இங்கதான். சுருதியை மட்டும் மாத்தறதை அழுத்தினா நீளம் அப்படியே இருக்கும், மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டும், பியானோ சுத்தியல் விழற முனை மழுங்கிடும். இன்னும் சுத்தமா வேணும்னா 44,100-ல பதிஞ்சதை 41,625-ன்னு டிராக் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிங்கற எண்ணிக்கை) மாத்துங்க. 2 நிமிஷம் 50 நொடிப் பாட்டு 3 நிமிஷமா நீண்டா சரியா வந்துடுச்சுன்னு அர்த்தம்.

சத்துவாச்சாரி_சவுண்டு:
"ஏறக்குறைய அரைக்கட்டை"ன்னு நீங்களே சொல்லிட்டு, மூணு தசம ஸ்தானத்துக்கு −5.613-ஆ? அளந்தீங்களா? டியூனர் ஆப் வெச்சுப் பாத்தா ஒண்ணும் புரியாது. சரியா அரைக்கட்டை ஏறியிருந்தா 440 ஹெர்ட்ஸ் போய் 466 ஆகியிருக்கும், ஆப் அதையும் "சுருதி சேர்ந்திருக்கு"ன்னு பச்சை விளக்குதான் காட்டும்.

காட்பாடி_கட்டை:
நியாயமான கேள்வி. ஆப் காட்டற சென்ட் கணக்கைப் பாருங்க (ஒரு சென்ட்னா அரைக்கட்டையில நூத்துல ஒரு பங்கு). இறக்கினப்பறமும் எல்லாச் சுரமும் ஒரே பக்கமா 10, 15 சென்ட் தள்ளி நின்னா, அந்த அளவுக்கு மறுபடி நகர்த்தணும். இன்னொரு தடயம், பாட்டு துவங்கற முன்னாடி இருக்கற அமைதி. ஸ்டுடியோ கரண்டு முனகல் டேப்புல ஏறியிருந்தா, மென்பொருளோட ஸ்பெக்ட்ரம் படத்துல 60 ஹெர்ட்ஸ்ல இருக்க வேண்டிய கோடு 63.6 பக்கத்துல தெரியும். 50-லயும் 100-லயும் தெரியற கோட்டை எடுத்துக்காதீங்க, அது உங்க வீட்டு பிளக்ல இருந்து வர்றது.

ராணிப்பேட்டை_ரீல்:
அளக்கறதுக்கு முன்னாடி தட்டு நேரா இருக்கான்னு பாருங்க. நடு ஓட்டை 1 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே, ஊசி மையத்துல இருந்து 10 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கறப்போ ±17 சென்ட் ஊசலாடும். உள்ள போகப் போக இன்னும் மோசம். 1.8 நொடிக்கு ஒருக்கா சுருதி ஏறி இறங்கினா அதுதான். வேலூர் கத்திரி வெயில்ல பூட்டின கார்ல விட்ட தட்டுன்னா சொல்லவே வேணாம், அப்பளம். செங்குத்தா அடுக்கி, மேற்குச் சுவரை ஒட்டாம வைங்க.

சத்துவாச்சாரி_சவுண்டு:
இவ்ளோ வேலை செஞ்சாலும் ஆர்ஐஏஏ வளைவு (தட்டு வெட்டறப்போ பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தி, கேக்கறப்போ அதைச் சரி பண்ற கணக்கு) இடம் மாறுமேண்ணா? வெட்டினது வேகமான ஒலிக்கு, நீங்க தட்டையே இறக்கி ஓட்டறீங்க.

காட்பாடி_கட்டை:
மாறும். ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் சரிவு, நாம நகர்றது ஸ்தாயியில பன்னிரண்டில் ஒரு பங்கு. அரை டெசிபல் தாண்டாது. அதுவும் உறுத்தினா 33⅓-ல பதிஞ்சு கம்ப்யூட்டர்ல வேகத்தை இறக்குங்க, அந்தத் தொல்லையே இல்ல.

குடியாத்தம்_கேள்வி:
அட்டிக் பதிவு கேட்டேன். 'எவ்ரிபடி லவ்ஸ் யூ நவ்' விஷயத்துல வாய் மூடிக்கறேன். ஆனா 'ஃபாலிங் ஆஃப் தி ரெயின்' வேகமாவே இருக்கட்டும், அதுல பியானோ உருள்றது மழை மாதிரியே இருக்கு.

சத்துவாச்சாரி_சவுண்டு:
'யூ கேன் மேக் மீ ஃப்ரீ' முழுசாக் கேக்கணும்னா மட்டும் காட்பாடி அண்ணன் வழி. மிச்சம் ஒன்பதுக்கு எனக்கு 1983 போதும்.

காட்பாடி_கட்டை:
எட்டுன்னு திருத்துங்க. 'டுமாரோ இஸ் டுடே'யை ஆர்கெஸ்ட்ராவோட ஒருக்கா 31.46-ல ஓட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்.